நூலால் வரும் சிநேகம்

பலரும் படிக்கும் புஸ்தகத்தைப் படிப்பவனுக்குப் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை. எவரும் அறியாத நூலொன்றில் மனத்தைப் பறிகொடுத்தவன் நிலையோ வேறு. தான் அனுபவித்த ரஸத்தை எடுத்துச் சொல்ல ஆளின்றி அவன் தவிக்க வேண்டியதுதான்.

இஃது அவன் ஒருவனுடைய கஷ்டம் மாத்திரமன்று, நூலுக்கே அபாயமாகும். 1880-ஆம் வருஷத்தில் கும்பகோணத்தில் முன்சீபாயிருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் பாடஞ் சொல்ல வல்லார் உளரோ என்று தேடினார். மகாவித்துவானிடம் பயின்ற உ. வே. சாமிநாதையரும் அதுவரை அதைப் பாடங் கேட்டதில்லை. படிக்கத் தொடங்கியபோது ஜைன சமயக் கருத்துக்கள் விளங்காமல் இடர்ப்பட்டார். அதே ஊரில் ஜைனர்கள் அந்நூலைப் பக்தியோடு ஓதி வருகின்றனர் என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. அவர்கள் உதவியும் சேர்ந்த பின் 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஓரூர் வாசகர் ஒருவரையொருவர் அறிவதற்கே ஒரு தற்செயல் வேண்டியிருந்தது!

அத்தற்செயலை இன்று இணையம் எளிதாக்கியிருக்கிறது. 2005-இல் அமெரிக்காவில் மெயின் மாகாணத்துப் போர்ட்லண்ட் நகரில் டிம் ஸ்பால்டிங் என்பார் 'லைப்ரரிதிங்' என்னும் தளத்தைத் தொடங்கினார். ஒருவர் தம் புஸ்தகங்களின் ஜாபிதாவை அங்கே பதிந்தால், அதே புஸ்தகங்களை உடைய பிறர் யாரென்று தெரியவரும். எல்லோரிடமும் உள்ள நூல் ஒத்திருப்பதைவிட, அபூர்வமான நூல் ஒத்திருப்பதற்கு அதிக மதிப்புக் கொடுத்துக் கணக்கிடும் முறையும் அதில் உண்டு. ரஸிகனை அறிந்த முறை இது.

தமிழரும் இதிற் பின்தங்கவில்லை. 1998-ஆம் வருஷம் பொங்கலன்று, சுவிட்ஜர்லாந்தில் வசித்த கல்யாணசுந்தரம் முதலியோர் முயற்சியால் 'மதுரைத் திட்டம்' தோன்றியது. பல தேசங்களிற் சிதறியிருந்த அன்பர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை திருத்தி, யாவர்க்கும் இலவசமாக வழங்கினர். கூலி பெறாத அவ்வுழைப்புக்கு நூலிற் கொண்ட அன்பைத் தவிர வேறு காரணம் என்ன?

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். 'ஷெல்ஃபாரி' என்னும் வாசகர் தளத்தை 2008-இல் அமேஸான் கம்பெனி வாங்கியது, 2016-இல் மூடிவிட்டது. அங்கத்தினர் வேறிடத்துக்குக் குடிபெயர நேர்ந்தது. வியாபாரியின் திண்ணையிற் கூடும் சபை, அவன் கதவை அடைக்கும் வரையில்தான்.

ஆகவே நேயர்களே, உங்கள் பரணிற் கிடக்கும் பழம் புஸ்தகங்களின் பெயரையும், ஆசிரியரையும், பதிப்பித்த வருஷத்தையும் குறித்து நாலு பேர் அறியச் செய்யுங்கள். அக்குறிப்பின் பிரதியொன்றை உங்கள் கையிலும் வைத்திருங்கள். அந்நூலை நெடுநாளாகத் தேடிக்கொண்டிருப்பவர் கடல் கடந்த தேசத்திலும் இருக்கலாம். அடுத்த தெருவிலும் இருக்கலாம்.