முன்பணத்தில் தொடங்கும் குற்றம்

சேஷாசலக் காடுகளில் செம்மரக் கடத்தலைத் தடுக்கக் காவல் துறையும் கிராமங்களும் வங்கிகளும் கைகோக்க வேண்டியதன் தேவை

திருப்பதியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறும் அடியார்களுக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று அலிபிரி, மற்றொன்று சந்திரகிரியை அடுத்துத் தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு. பழந்தமிழ் நூல்கள் தமிழகத்தின் வட எல்லையாகக் குறித்த வேங்கட மலை இது. நம் வாசகர்களில் பலர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இப்படிகளில் கால் பதித்திருப்பர். படிகளுக்கு அப்பால் விரியும் காட்டில், முதலைத் தோல் போல வெடித்த கரும்பட்டையுடன் நிற்கும் மரங்களைச் சிலரே கவனித்திருக்கக்கூடும். அவையே செம்மரங்கள்.

2015 ஏப்ரல் 7 அன்று விடியற்காலையில், அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த இக்காட்டுச் சரிவுகளில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அனைவரும் தமிழகத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மரம் வெட்டியவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது என்று சிறப்புப் படை கூறியது. மனித உரிமை அமைப்புகள் அதனை மறுத்தன. தேசிய மனித உரிமை ஆணையம் விசாரணை மேற்கொண்டது.

இழப்பு ஒரு பக்கத்தில் மட்டும் நேரவில்லை. 2013 டிசம்பரில் இதே மலைத்தொடரில் வன அதிகாரிகள் இருவர் கடத்தல் கும்பலால் கொல்லப்பட்டனர். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் தமிழகத் தொழிலாளர் ஐவரின் உடல்கள் மிதந்தன. 2024 பிப்ரவரியில், கடத்தல்காரர்களின் வாகனத்தைத் தடுக்க முயன்ற காவலர் ஒருவர் அதே வாகனம் மோதி உயிரிழந்தார். மரத்தை வெட்டச் சென்றவரும் காக்கச் சென்றவரும் மடிந்திருக்கின்றனர். மரத்தை விற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர் மட்டும் காட்டுக்குள் கால் வைப்பதே இல்லை.

மரமும் அதன் சந்தையும்

செம்மரம் இயற்கையாக வளரும் நிலப்பரப்பு மிகக் குறுகியது. சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா முதலிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளே அதன் தாயகம். ஒரு மரத்தின் வைரம் முற்றுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனத்தில் உயர்விலை அறைகலன்களுக்கும் ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் இம்மரத்தை நாடுகின்றனர். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995ஆம் ஆண்டிலேயே இது சேர்க்கப்பட்டது. காட்டில் வளரும் செம்மரத்தை வெட்டுவதும் ஏற்றுமதி செய்வதும் சட்டப்படி குற்றம்.

கிடைப்பது குறைவு, கேட்பவர் மிகுதி. இந்த இடைவெளியில்தான் கடத்தல் வளர்ந்தது. அதன் அமைப்பு ஒரு வணிக நிறுவனத்தின் அமைப்பை ஒத்தது. உச்சியில் பணம் போடும் முதலாளி. அடுத்து வாகனமும் கிடங்கும் ஏற்பாடு செய்பவர். அவர்களுக்குக் கீழே ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்க்கும் தரகர். கடைசிப் படியில் கோடரி பிடிப்பவரும் கட்டை சுமப்பவரும். வேறு பொருள் எனப் பொய்யாகக் குறிக்கப்பட்டுத் துறைமுகம் வரை சென்ற கட்டைகளைச் சுங்கத் துறையும் வருவாய்ப் புலனாய்வுத் துறையும் பலமுறை கைப்பற்றியுள்ளன. எனினும் காட்டில் கைதாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் கடைசிப் படியில் நிற்பவர்களே. அவர்களில் ஒருவர் சிறை சென்றால், அவரது இடத்தை நிரப்ப மற்றொருவரைத் தரகர் ஒரே வாரத்தில் தேடிக்கொள்கிறார்.

ஒரு கடனாகத் தொடங்குவது

அந்த மற்றொருவர் எங்கிருந்து வருகிறார்? சவ்வாது மலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை ஆகியவற்றின் மலையாளிப் பழங்குடிச் சிற்றூர்களிலிருந்து பலர் வருகின்றனர். சாமையும் தினையும் விளையும் மானாவாரி நிலம் அவர்களுடையது. அறுவடை முடிந்தபின் அடுத்த மழை வரும்வரை உள்ளூரில் வேலை அரிது. கேரளத்துக்கும் கருநாடகக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குச் செல்வது பல தலைமுறை வழக்கம். தரகர் வருவதும் அந்த வறண்ட மாதங்களில்தான்.

மலையடிவாரக் கிளைகளில் பணியாற்றிய எங்களில் பலர் இந்த நடைமுறையை அறிவோம். தரகர் முதலில் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. குழந்தையின் மருத்துவச் செலவு, தங்கையின் திருமணம், பழைய கந்துவட்டிக் கடன் என்று வீட்டின் நெருக்கடியைக் கேட்டறிகிறார். சில ஆயிரம் ரூபாயை முன்பணமாகக் கையில் வைக்கிறார். பத்திரம் இல்லை, வட்டி இல்லை, பிணை இல்லை. திருப்பிச் செலுத்தும் நாள் வரும்போதுதான் 'ஒரு வாரம் ஆந்திராப் பக்கம் போய்வா' என்ற சொல் பிறக்கிறது. கட்டட வேலை என்று நம்பிப் புறப்பட்டுக் காட்டின் விளிம்பில் உண்மையை அறிந்தவர்களும் உண்டு.

வங்கியாளர் கண்ணுக்கு இது ஒரு கடன் ஒப்பந்தம். கடனுக்கு ஈடாகக் கேட்கப்படுவது ஒரு மனிதனின் உயிர். இங்கே நாங்கள் எங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. அந்த மனிதர் தரகரிடம் செல்லுமுன் வங்கிக்கு வந்திருப்பாரா? வந்திருந்தால் நாங்கள் என்ன விடை கூறியிருப்போம்? நிலப்பட்டா தாத்தாவின் பெயரில் இருந்ததாலோ, பட்டாவே இல்லாததாலோ, விண்ணப்பத்தைக்கூடப் பெறாமல் திருப்பி அனுப்பிய நாள்கள் எங்கள் பணிக்காலத்திலும் உண்டு. விதிகளைப் பின்பற்றியதாகவே அன்று எண்ணினோம். விதிகளை முழுமையாகப் படிக்கவில்லை என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

காவல் துறை கற்ற பாடம்

2014-15 காலத்தில் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு, காவல் துறையினரும் வனத்துறையினரும் இணைந்த செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையை ஆந்திர அரசு அமைத்தது. 2016இல் ஆந்திர வனச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. இரவு ரோந்தும் சோதனைச் சாவடிகளும் பெருகின. ஆயினும் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் விரிந்த மலைக்காட்டை வேலியிட்டுக் காக்க எந்தப் படையாலும் இயலாது என்பது விரைவில் தெளிவாயிற்று.

எனவே சிறப்புப் படையினர் காட்டை விட்டு ஊரை நோக்கியும் வரத் தொடங்கினர். மாநில எல்லையைக் கடந்து சவ்வாது மலைச் சிற்றூர்களில் விழிப்புணர்வுக் கூட்டங்களை நடத்தினர். கடத்தலுக்குச் சென்றால் நேரக்கூடிய தண்டனையையும், திரும்பி வராதவர்களின் குடும்பங்கள் படும் துயரையும் நேரில் விளக்கினர். காட்டை ஒட்டிய ஆந்திரக் கிராமங்களில் 1990களிலிருந்தே இயங்கும் வன சம்ரட்சண சமிதிகள், அறிமுகமற்றோர் நடமாட்டத்தை முதலில் அறிபவை. 2019 அக்டோபர் 2 முதல் இயங்கும் கிராமச் செயலகங்களில், ஊர்ப் பாதுகாப்புக்கெனப் பெண் பணியாளர் ஒருவரும் அமர்த்தப்பட்டார். காவல் நிலையத்துக்குச் செல்லத் தயங்கும் பெண்கள், தம் ஊரிலேயே இருக்கும் ஒரு பெண்ணிடம் தயக்கமின்றிப் பேசுவர் என்பதே இதன் பயன்.

ஊராரைக் காவலில் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. 1993இல் இராமநாதபுரத்தில் தோன்றித் தமிழகமெங்கும் பரவிய 'காவல் துறை நண்பர்கள்' அமைப்பு நன்னோக்கத்துடன் தொடங்கியதே. தொண்டர்களின் அதிகார எல்லை மங்கியபோது புகார்கள் எழுந்தன. 2020இல் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. தகவல் தருவது ஊராரின் பணி; பிடிப்பதும் விசாரிப்பதும் சட்டத்தின் பணி. இந்தக் கோடு அழியும் இடத்தில் கூட்டுறவும் அழிந்துவிடும்.

தேக்கடி காட்டிய வழி

கடத்தலில் ஈடுபட்டவரையே காவலராக்க இயலுமா என்ற வினாவுக்குத் தேக்கடியில் ஒரு விடை உண்டு. பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயணா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்தோர் இருந்தனர். 1990களின் பிற்பகுதியில் வனத்துறை அவர்களுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. தம் வழித்தடங்களையும் வணிகத் தொடர்புகளையும் அவர்கள் தெரிவிக்க வேண்டும். காட்டைக் காக்கும் பணியில் ஈடுபட வேண்டும். பதிலுக்கு வழக்குகளிலிருந்து விடுபட வழி பிறந்ததோடு, சுற்றுலாப் பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வருவாயும் அவர்களுக்குக் கிடைத்தது. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர்கள் காட்டின் காவலராயினர்.

இங்கு மனம் மாறியது அறிவுரையால் மட்டும் அன்று. மாதந்தோறும் கைக்கு வரும் நேர்மையான வருமானம் அந்த மாற்றத்தை நிலைநிறுத்தியது.

வங்கியின் பங்கு

சேஷாசலத்துக்கும் இதுவே பொருந்தும். தரகரின் முன்பணத்துக்கு முன்னதாக ஒரு நல்ல கடன் ஊருக்குள் சென்றாக வேண்டும். அதற்கான வழிகள் ஏற்கெனவே உள்ளன.

1998இல் அறிமுகமான உழவர் கடன் அட்டைத் திட்டம் நில உரிமையாளர்களுக்கு மட்டும் உரியதன்று. குத்தகையாளர், வாய்மொழிக் குத்தகையாளர், பங்குச் சாகுபடியாளர் ஆகியோரும் தகுதியுடையவர்களே. அவர்கள் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்தும் கடன் பெறலாம். 2025 ஜனவரி 1 முதல் 2 இலட்சம் ரூபாய் வரையிலான வேளாண் கடனுக்கு ஈட்டுப் பிணை தேவையில்லை. 1992இல் நபார்டு வங்கி தொடங்கிய இணைப்புத் திட்டத்தின்வழி, மகளிர் சுய உதவிக் குழுக்கள் 10 இலட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற இயலும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் உரிமைப் பட்டம் பெற்ற பழங்குடியினருக்கு அந்த ஆவணமே நல்ல அடிப்படை. சாமையைக் குத்தி அரிசியாக்கி விற்கும் பணியைச் சவ்வாது மலைப் பெண்கள் மேற்கொண்டிருப்பது, இத்தகைய கடன் எங்கே பயன்படும் என்பதற்கு எடுத்துக்காட்டு.

காலமும் முக்கியம். சாமை அறுவடைக்குப்பின் வரும் வறண்ட மாதங்களில் கடன் முகாம் நடத்துவதும், ஆண்டிறுதி இலக்குக்காக ஏதோ ஒரு நாளில் நடத்துவதும் ஒன்றல்ல. தரகரின் நாட்காட்டியை நாங்களும் அறிந்திருக்க வேண்டும்.

கடத்தல் பணம் என்றேனும் ஒரு கணக்கின் வழியே நடந்தாக வேண்டும். ஐயத்துக்குரிய பரிவர்த்தனைகளை நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிப்பது, 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணமாற்றத் தடுப்புச் சட்டப்படி வங்கிகளின் கடமை. கோடரி பிடித்தவரைக் காட்டில் தேடலாம். முதலாளியைக் கணக்கேடுகளில்தான் தேட வேண்டும்.

சட்டப்படி வளர்க்கும் வழி

பட்டா நிலத்தில் செம்மரம் வளர்த்து, உரிய அனுமதியுடன் வெட்டி விற்பதற்குத் தடையில்லை. 2025இல் தேசிய பல்லுயிர் ஆணையம், சித்தூர், திருப்பதி, நெல்லூர், கடப்பை ஆகிய நான்கு மாவட்டங்களைச் சேர்ந்த 198 செம்மர விவசாயிகளுக்குப் பயன் பகிர்வாக 3 கோடி ரூபாய் வழங்கியது. சித்தூர், நகரி, சத்தியவேடு வட்டாரங்களில் உள்ள நம் தமிழ் வாடிக்கையாளர்களுக்கு இது நற்செய்தி. மரம் முற்றப் பல்லாண்டு ஆகுமாதலால், அதனை ஒரே வருவாயாக நம்பாமல் வரப்போர மரமாக வளர்ப்பதே அறிவுடைமை.

நாம் செய்யக்கூடியவை

வெளியூர் வேலைக்கு முன்பணம் தருபவரிடம், வேலை நடக்கும் இடம், முதலாளி பெயர், கூலி ஆகியவற்றை எழுத்தில் கேட்போம். விடை மழுப்பலாக இருந்தால் பணத்தைத் தொடாதிருப்போம்.

நம் வங்கிக் கணக்கையோ ஏடிஎம் அட்டையையோ எவருக்கும் வாடகைக்கும் நட்புக்கும் தராதிருப்போம். கணக்கில் வரும் பணத்துக்கு விடை கூற வேண்டியவர் கணக்குக்கு உரியவரே.

ஐயத்துக்குரிய ஆள்சேர்ப்பைக் கண்டால் 112 என்ற எண்ணுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ தெரிவிப்போம். நாமே சென்று தடுக்க முயலாதிருப்போம்.

பட்டா இல்லை என்ற காரணத்தால் கடன் மறுக்கப்பட்டால், கூட்டுப் பொறுப்புக் குழுக் கடன் பற்றிக் கிளை மேலாளரிடம் கேட்போம். கேட்பது நம் உரிமை. விளக்குவது எங்கள் கடமை.

அடுத்த முறை ஸ்ரீவாரி மெட்டில் ஏறும்போது, இருபுறமும் நிற்கும் அம்மரங்களை ஒரு கணம் நின்று பார்ப்போம். அவற்றைக் காக்கும் பணி காட்டின் சோதனைச் சாவடியில் தொடங்குவதில்லை. தொலைவில், ஒரு மலைச் சிற்றூரில், நெருக்கடியில் இருக்கும் ஒருவர் யாரிடம் கை நீட்டுகிறார் என்பதில் தொடங்குகிறது. அந்தக் கை முதலில் எங்கள் கிளையின் வாயிலை நோக்கி நீளுமாறு செய்வது எங்கள் பொறுப்பு.