வீடு விற்கப் போறீங்களா? தரகரிடம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?



வீடு விற்பது நம் வாழ்நாளில் ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை நடக்கிற காரியம். தரகருக்கோ அது அன்றாட வேலை. அவருக்குத் தெரிந்த விவரம் நமக்குத் தெரியாது. அதனால்தான் வீடு கைமாறிய பிறகு, "அடடா, முன்னாடியே தெரியாமப் போச்சே" என்று வருத்தப்படுகிறோம்.

தரகர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நல்ல தரகர் கிடைத்தால் நமக்கு அலைச்சல் மிச்சம். அக்கம்பக்கத்து ஊர்களில் யாருக்கு வீடு வேண்டும், யாரிடம் பணம் தயாராக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் எந்த வேலையை அவரிடம் விடலாம், எதை நம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு வார்த்தை. மருத்துவச் செலவு, கல்யாணச் செலவு, வெளிக்கடன் என்று அவசரத்தில் வீட்டை விற்க நினைப்பவர்கள் அதற்கு முன் குழுவில் மனம் விட்டுப் பேசுங்கள். குழுக் கடனிலோ வங்கிக் கடனிலோ சமாளிக்க வழி இருக்கலாம். அவசரத்தில் விற்கிறார்கள் என்று தெரிந்தாலே விலை இறங்கிவிடும்.

"கைக்கு இவ்வளவு" என்ற பேச்சு

ஒரு உதாரணம் பார்ப்போம். நம்ம ஊர் அக்கா ஒருவர் தன் ஓட்டு வீட்டையும் மனையையும் விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தரகர் வந்து பேசுகிறார்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"எட்டு லட்சம் கெடச்சா போதும் தம்பி."

"சரிக்கா, உங்க கைக்கு எட்டு லட்சம். கமிஷன்கூட நீங்க தர வேண்டாம்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே வீட்டைத் தரகர் 9,50,000 ரூபாய்க்குப் பேசி முடிக்கிறார். மேலே கிடைத்த 1,50,000 ரூபாய் அவருக்கு. இப்போது கணக்கைப் பாருங்கள். 2 சதவீதக் கமிஷன் என்று பேசியிருந்தால் அக்கா கொடுக்க வேண்டியது 19,000 ரூபாய்தான். கையில் 9,31,000 ரூபாய் நின்றிருக்கும். "கமிஷன் வேண்டாம்" என்ற ஒரு சொல்லால் போனது 1,31,000 ரூபாய்!

ஆகவே "கைக்கு இவ்வளவு" என்று ஒருபோதும் பேசாதீர்கள். கமிஷனைச் சதவீதமாகவோ ஒரே தொகையாகவோ முதலிலேயே பேசி முடியுங்கள். இவ்வளவுதான் கமிஷன் என்று சட்டம் எதுவும் விதிக்கவில்லை. 1 அல்லது 2 சதவீதம் என்பது வழக்கம், பேசிக் குறைக்கலாம். பத்திரப் பதிவு முடிந்த அன்றுதான் தருவோம், பார்ட்டியைக் கூட்டி வந்தவருக்கு மட்டும்தான் தருவோம் என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாங்குபவரிடமும் நேரில் பேசுங்கள். என்ன விலைக்கு வாங்குகிறார் என்பது அவர் வாயாலேயே நமக்குத் தெரிய வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களை விற்றுத் தரும் முகவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் பழைய வீட்டை விற்றுத் தரும் தரகருக்கு இது பொருந்துவதில்லை. எனவே நம் எச்சரிக்கைதான் நமக்குப் பாதுகாப்பு.

ஆள் தேடுவது தரகர் வேலை. விலை, பத்திரம், கையெழுத்து, பணம் இந்த நான்கும் நம் கையில் இருக்க வேண்டும்.

1. விலை

தரகர் சொல்வதற்கு முன்பே நம் வீட்டின் மதிப்பு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சமீபத்தில் அதே தெருவில் வீடோ மனையோ விற்றவர்களிடம், வாங்கியவர்களிடம் விசாரியுங்கள். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைத் தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். போன் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் இது பத்திரச் செலவைக் கணக்கிடுவதற்கான மதிப்பு. "கவர்மெண்டு ரேட்டே இவ்வளவுதான்" என்று சொல்லி விலையைக் குறைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊர் விலை அதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

இன்னொரு செய்தி. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 2023 முதல் இருக்கிறது. வாங்குபவர்தான் இதைக் கட்டுவது வழக்கம். 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வாங்க வருபவரிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்குச் செலவு மிச்சம், அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒரு சொத்து!

2. பத்திரம்

கிரையப் பத்திரம், தாய்ப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது இவற்றை எடுத்து வையுங்கள். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். எப்போதோ அடைத்து முடித்த கடன் வில்லங்கத்தில் அப்படியே நிற்கலாம். முன்கூட்டியே அதைச் சரிசெய்துவிட்டால் அதைக் காட்டி யாரும் விலையைக் குறைக்க முடியாது.

அரசு கொடுத்த இலவச மனைப் பட்டாவாக இருந்தால், விற்பதற்கு நிபந்தனை இருக்கும். பட்டாவைப் படித்துப் பார்த்து, தாலுகா அலுவலகத்தில் கேட்ட பிறகே விலை பேசுங்கள்.

தரகருக்கு ஜெராக்ஸ் மட்டும் போதும். அதன் மேல் "பார்வைக்கு மட்டும்" என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். "வக்கீலிடம் காட்டணும், அசலைக் கொடுங்க" என்று கேட்டால், "நானே கொண்டு வந்து காட்டுறேன்" என்று சொல்லுங்கள்.

3. கையெழுத்து

மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். "நீங்க ஏன்க்கா அலையணும், எனக்கு ஒரு பவர் எழுதிக் கொடுத்துடுங்க" என்று கேட்கலாம். பவர் என்றால் பொது அதிகாரப் பத்திரம். அதை எழுதிக் கொடுத்தால், உங்கள் வீட்டை விற்கும் கையெழுத்தை அவரே போட முடியும். என்ன விலைக்கு, யாருக்கு விற்றார் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகலாம். நீங்கள் ரத்து செய்வதற்குள் விற்றுவிட்டால் கோர்ட்டு, வழக்கு என்று அலைய வேண்டியதுதான். தரகருக்குப் பவர் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள்.

வெற்றுத் தாளிலோ, வெற்று முத்திரைத் தாளிலோ கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள். படிக்கத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரை, குழுவில் படித்த உறுப்பினரை உடன் அழைத்துப் போய், முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.

வீடு உங்கள் பெயரில் இருந்தால், கணவரோ மகனோ விலை பேசினாலும் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். "போடும்மா, எல்லாம் பேசியாச்சு" என்று சொன்னாலும் என்ன விலை, பணம் யார் கணக்குக்கு வருகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அப்பா, அம்மா வீட்டை விற்கும்போதும் இதே கதைதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் அப்பா இறந்தால், அவர் சம்பாதித்த வீட்டில் மகனுக்குள்ள அதே பங்கு மகளுக்கும் 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதும் 2005-லும் பெண்களுக்கு உரிமை வந்தது. அதனால்தான் வாங்குபவர் தரப்பில் மகள்களின் கையெழுத்தையும் கேட்கிறார்கள். நீங்கள் போடுவது சாதாரணக் கையெழுத்தா, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமா என்று தெரிந்துகொண்டு போடுங்கள். விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். ஆனால் தெரியாமல் விட்டுக்கொடுக்காதீர்கள்.

4. பணம்

அட்வான்ஸ் வாங்கும்போது மொத்த விலை, அட்வான்ஸ் தொகை, எத்தனை மாதத்தில் கிரையம், தவறினால் அட்வான்ஸ் என்னாகும் என்று ஒப்பந்தம் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம்.

அட்வான்ஸ் தரகர் கை வழியாக வர வேண்டாம். வாங்குபவர் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் போடட்டும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டத்தில் விதி வந்தது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம்.

"பத்திரத்துல கம்மியா காட்டுவோம், மீதியைக் கையில தர்றோம்" என்பார்கள். இது சட்டப்படி தவறு. நமக்கும் ஆபத்து. கையில் தருவதாகச் சொன்ன மீதியைத் தராவிட்டால் எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

கிரையப் பத்திரத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கும். ஆகவே பணம் கணக்கில் ஏறிய பிறகோ, டி.டி. கையில் வந்த பிறகோதான் கையெழுத்து. "சாயங்காலம் தர்றேன்" என்ற பேச்சு வேண்டாம்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள்

* உங்கள் வீடு யார் பெயரில் இருக்கிறது? அசல் பத்திரம் எங்கே இருக்கிறது?
* வில்லங்கச் சான்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?
* குழுவில் யாராவது வீடு விற்றால், பதிவு அன்று உடன் போகப் போவது யார்?

தனியாகப் போகும் பெண்ணிடம் "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க" என்று அவசரப்படுத்துவார்கள். கூட இரண்டு பேர் நின்று, "கொஞ்சம் இருங்க, படிச்சுட்டுப் போடுறோம்" என்று சொன்னால் அவசரம் தானாக அடங்கிவிடும். சேமிப்புக்கும் கடனுக்கும் கூடும் நாம் இதற்கும் கூடி நிற்போம்!