எல்லாப் பாடமும், மறுபடியும் முதல்லேருந்து

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கையில் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் பெரும்பாலும் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்கள் பார்க்கிற வேலை. நர்ஸுக்குச் சட்டப்படி பதிவு உண்டு. இவங்களுக்குக் கிடையாது.

மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையின் அலட்சியம் பற்றி 2013-ல் ஃபிரான்சிஸ் அறிக்கை வந்தது. அதையொட்டி, பத்திரிகையாளர் கமில்லா கேவண்டிஷ் இந்த ஊழியர்களைப் பற்றித் தனியா ஆராய்ந்தார். ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், வீடு எல்லாம் சேர்த்து 13 லட்சம் பேருக்கு மேல்! தனியா வேலை பார்க்க விடுவதற்கு முன்னால் குறைந்தபட்சம் இவ்வளவு பயிற்சி வேணும்னு ஒரு வரையறையே இல்லை.

அதன் விளைவுதான் 2015 ஏப்ரலில் வந்த 'கேர் சர்ட்டிஃபிகேட்'. தொற்றுத் தடுப்பு, உணவும் தண்ணீரும், அந்தரங்கமும் மரியாதையும், டிமென்ஷியா என அறிமுகமானபோது அதில் 15 தரநிலைகள் இருந்தன. கம்ப்யூட்டரில் பாடம் பார்த்து முடித்தால் மட்டும் போதாது. வேலை செய்வதை ஒருத்தர் நேரில் பார்த்து கையெழுத்துப் போடணும். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த அம்சம் இதுதான்.

சிக்கலும் அங்கேதான். கையெழுத்துப் போடுவது வேலை கொடுத்த நிறுவனமே. கோடு எழுதின டீமே டெஸ்ட்டுக்கும் பாஸ் போட்டுக்கிற மாதிரி (நம்ம ஆபீஸ்ல நடக்காததா!). அதனால் அடுத்த நிறுவனம் பல சமயம் அதை நம்புவதில்லை. பத்து வருஷ அனுபவம் உள்ளவரும் மறுபடி கை கழுவுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரலாம். முடித்தால் சம்பளம் கூட்டணும்னு கட்டாயமும் இல்லை.

2024-ல் வெளி அமைப்பு சான்று தரும் 'லெவல் 2' தகுதி ஒன்று வந்தது. ஆனா அது சமூகப் பராமரிப்புத் துறைக்கானது. ஆஸ்பத்திரி வார்டில் இருப்பவருக்கு இன்னும் அதே பழைய கையெழுத்துதான்.