தூக்க மாத்திரை: நிறுத்தலாம், ஆனால் படிப்படியாக



எங்கள் வார்டுகளில் படுக்கை படுக்கையாகச் சென்று நோயாளிகளை விசாரிக்கும்போது, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சிறிய மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுகிறவர்கள் பலர். "ஐயா, இது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. இதிலிருந்து விடுதலை கிடைக்க ஜெபம் பண்ணுங்க" என்கிறார்கள். ஜெபிக்கிறோம். கூடவே ஒரு காரியத்தையும் சொல்லி அனுப்புகிறோம்: ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். அதன் காரணத்தை இங்கே விளக்க விரும்புகிறோம்.

அந்த அட்டையில் பெரும்பாலும் இருப்பது அல்ப்ரசோலாம், லோராசெபாம், குளோனசெபாம், டயசெபாம் ஆகியவற்றில் ஒன்று. இந்த மருந்துக் குடும்பத்துக்குப் பென்சோடயசெபைன் என்று பெயர். இதில் முதலாவதாகிய லிப்ரியம் 1960-லும், வேலியம் 1963-லும் விற்பனைக்கு வந்தன. வலிப்பை அடக்கவும், குடியை நிறுத்துகிறவர்களின் நடுக்கத்தைத் தணிக்கவும், கடும் பதற்றத்தைச் சில நாட்களுக்கு ஆற்றவும் இவை மிகுந்த உதவியாயிருக்கின்றன.

சில நாட்களுக்கென்று எழுதிய சீட்டு வருடக்கணக்காக நீளும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. புதுச்சேரியில் பலருக்கு உறவினர் வாழும் பிரான்சு நாட்டில், 1991 முதலே தூக்கத்துக்கு 4 வாரம், பதற்றத்துக்கு 12 வாரம் என்று சீட்டுக்கு வரம்பு உண்டு. நம் நாட்டில் அல்ப்ரசோலாம், டயசெபாம் முதலியவை 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணையில் உள்ளன. மருந்துக்கடைக்காரர் டாக்டர் சீட்டைப் பார்த்தே கொடுத்து, விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

நமது மூளையில் காபா என்ற இயற்கையான பொருள் நரம்புகளின் பரபரப்பை அமர்த்துகிறது. மாத்திரை அந்தக் காபாவின் பலத்தைக் கூட்டுகிறது. இது வாரக்கணக்கில் தொடர்ந்தால், மூளை அதற்குப் பழகி, காபாவுக்கு முன்போல் இணங்காமல் போகிறது. அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நரம்புகளை அமர்த்தப் போதுமான பலம் இல்லை. தூக்கமின்மை, கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, மனக்குழப்பம் உண்டாகும். சிலருக்கு வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும்.

உபவாச ஜெபத்திலிருந்து வீடு திரும்பிய ஒரு தாயார், பல வருடங்களாகச் சாப்பிட்ட மாத்திரையை அன்றிரவே குப்பையில் போட்டார். மூன்றாம் நாள் வலிப்போடு எங்களிடம் கொண்டுவந்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் கண் விழித்ததும், "எனக்கு விசுவாசம் போதவில்லையே" என்று அழுதார். அவருடைய விசுவாசத்தில் ஒரு குறைவுமில்லை. அவருடைய மூளைக்கு அவகாசம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த அவகாசத்தை எப்படிக் கொடுப்பது? இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். நோயாளியின் வேகத்திலேயே மெதுவாகக் குறைக்க வேண்டும் என்பது அங்கே அவர் கண்ட பாடம். அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2025-ல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டியும், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கலாம் என்கிறது.

உதாரணமாக, தினமும் 10 மில்லிகிராம் டயசெபாம் சாப்பிடுகிறவர் இரண்டு வாரத்துக்கு 1 மில்லிகிராம் வீதம் குறைத்தால் 20 வாரங்கள் ஆகும். கடைசிப் படிகள்தான் பலருக்குக் கடினம். அங்கே இன்னும் சிறிதாகக் குறைப்பார்கள். அல்ப்ரசோலாம் உடலில் ஏறக்குறைய 11 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால் அடுத்த வேளைக்குள்ளேயே தவிப்பு வரலாம். ஆகவே சிலரை, நீண்ட நேரம் தங்கும் டயசெபாமுக்கு டாக்டர் மாற்றுவதுண்டு. இந்தக் கணக்கை நீங்களாகப் போடக்கூடாது. வயது, வலிப்பு, கர்ப்பம், மற்ற மருந்துகள் யாவையும் பார்த்தே டாக்டர் முடிவு செய்வார். இடையில் தவிப்பு அதிகமானால் அதே படியில் சில வாரம் நிற்கலாம், அது தோல்வியல்ல. தூக்கத்துக்காக மதுவைத் தொடுவது மட்டும் கூடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

அன்பானவர்களே, உங்கள் சபையிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். முதியோர் இம்மாத்திரையால் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், மறதி கூடுவதும் உண்டு. ஆகவே குறைக்க முயல்வது நல்லதே. "தூக்கி எறியுங்கள்" என்று மட்டும் சொல்லாதிருங்கள். டாக்டரிடம் அழைத்துப்போங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் பேசலாம். பகல் தூக்கத்தையும் மாலைக் காப்பியையும் விட்டு, தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க அவர்களுக்குத் துணைசெய்யுங்கள்.

சூரைச்செடியின் கீழ் சோர்ந்து கிடந்த எலியாவிடம் தேவதூதன் ஒருமுறை வந்ததோடு நிறுத்தவில்லை, இரண்டாந்தரமும் வந்தான். மாத்திரையைக் குறைக்கிறவருக்கு மாதங்கள் ஆகும். முதல் வாரம் விசாரித்த நீங்கள் பத்தாம் வாரமும் போய் விசாரியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைச் சாப்ளின், புதுச்சேரி