மூன்று அதிகாரங்களில் தொடங்கிய நடுவண் அரசு

தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்தொடர்வண்டிப் பாதையில் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. மாணவர் பலர் நாள்தோறும் கடந்து செல்லும் அவ்வூர், கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் வாழ்ந்த ஊராகும். விடுதலை பெற்ற இந்தியாவிற்கு எத்தகைய நடுவண் அரசு வேண்டும் என்று ஆராய்ந்த அரசியல் நிருணய சபையில், சென்னை மாகாணத்தின் சார்பில் அமர்ந்தவர் அவர். அச்சபை எதிர்கொண்ட சிக்கல் யாது என்பதைச் சுருங்கக் காண்போம்.

புதிதாக விடுதலை பெறும் நாடுகள் பலவும் சந்திக்கும் சிக்கல் அது. அமெரிக்காவின் 13 மாநிலங்களும் 1781-இல் நடைமுறைக்கு வந்த ஓர் உடன்படிக்கையால் ஒன்றிணைந்தன. அதன்படி அமைந்த நடுவண் பேரவைக்குப் போர் தொடுக்கும் உரிமை இருந்தது. வரி விதிக்கும் உரிமை இல்லை. மாநிலங்களிடம் கையேந்தி நின்ற அப்பேரவையால் கடனையும் தீர்க்க இயலவில்லை. 1789-இல் அவ்வமைப்பு மறைந்து, புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது.

இந்தியாவும் மெலிந்ததொரு நடுவண் அரசுடன் தொடங்கியிருக்கக்கூடும். 1946 மே 16-இல் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு வெளியிட்ட திட்டம், அயலுறவு, பாதுகாப்பு, போக்குவரத்து - செய்தித் தொடர்பு ஆகிய மூன்று துறைகளையும், அவற்றிற்கு வேண்டிய நிதியைத் திரட்டும் அதிகாரத்தையுமே நடுவண் அரசுக்கு ஒதுக்கியது. நாடு பிரியாதிருக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சி அது. அவ்வாண்டு செப்டம்பர் 2-இல் நேரு தலைமையில் இடைக்கால அரசு அமைந்தது. அக்டோபரில் முஸ்லிம் லீகும் அதில் சேர்ந்தது. ஓரவையில் அமர்ந்தும் இரு தரப்பாரும் ஒருமித்து இயங்க இயலவில்லை. 1947 ஜூன் 3-இல் பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் மெலிந்த நடுவண் அரசுக்கான தேவை மறைந்தது. அடுத்த மாதமே சபையின் அதிகாரக் குழு வலிமை மிக்க நடுவண் அரசைப் பரிந்துரைத்தது.

காலச்சூழலும் அதனையே வேண்டிற்று. அகதிகளின் துயரம், உணவுத் தட்டுப்பாடு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சுதேச சமஸ்தானங்களின் இணைப்பு ஆகியன ஒருசேர வந்தன. கோவையைச் சேர்ந்த நிதியமைச்சர் ஆர்.கே.சண்முகம் செட்டியார், 1947 நவம்பர் 26-இல் விடுதலை இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தார். ஏழரை மாதத்திற்கான அத்திட்டத்தில் வரவு ஏறத்தாழ 171 கோடி ரூபாய். செலவு 197 கோடி ரூபாய்.

எனினும், வலிமை எல்லை கடத்தலாகாது என்ற குரலும் அச்சபையில் ஒலித்தது. அனைத்துப் பொறுப்புகளையும் சுமத்துவதால் நடுவண் அரசு வலிமை பெறாது என்றும், மாகாணங்கள் நிதிக்காக அதன் வாயிலில் நிற்கும் நிலை கூடாது என்றும் கே.சந்தானம் எச்சரித்தார். 1949 செப்டம்பரில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் எழுந்தபோது, தொன்மையும் வளமும் வாய்ந்த தமிழின் தகுதியை எடுத்துரைத்தார் காயிதே மில்லத். தேசப் பற்றும் தாய்மொழிப் பற்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அவ்வுரையே சான்றாகும்.

1950 ஜனவரி 26-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில், நடுவண் பட்டியல் 97 இனங்களையும், மாநிலப் பட்டியல் 66 இனங்களையும், பொதுப் பட்டியல் 47 இனங்களையும் கொண்டிருந்தன. மூன்றாக எண்ணப்பட்டது தொண்ணூற்றேழாக வளர்ந்தது; எஞ்சிய அதிகாரங்களும் நடுவண் அரசையே சேர்ந்தன. வரிப் பகிர்வைப் பரிந்துரைக்க நிதிக்குழு அமைக்க வழிசெய்யப்பட்டது. ஆயினும் மாநில உரிமை பற்றிய வினா ஓயவில்லை. 1969-இல் தமிழக அரசு அமைத்த இராஜமன்னார் குழுவும், 2017-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி பற்றிய விவாதங்களும் அவ்வினாவின் தொடர்ச்சியேயாம்.

கை மெலிந்தால் உடலைக் காத்தல் அரிது. கை மட்டும் பருத்தாலும் அது நோயே. அமெரிக்கா முதலாவதை அனுபவத்தால் அறிந்தது. இரண்டாவதை நம் முன்னோர் விவாதத்தால் உணர்த்தினர். மாணவச் செல்வங்களே! குரோம்பேட்டை நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அவ்விவாதத்தை நினைவிற் கொள்க. மாறுபட்ட கருத்தை மன்றத்தில் துணிவுடனும் கண்ணியத்துடனும் எடுத்துரைத்தலே குடியரசைக் காக்கும் அரண்.