துடிப்பு சீரானால் நோய் தீர்ந்ததா?



மார்புப் படபடப்பால் அவதியுறும் முதியவர் ஒருவருக்குக் 'கதீட்டர் அப்லேஷன்' செய்யலாம் என மருத்துவர் கூறியதும், குடும்பத்தார் கேட்கும் முதல் வினா, "இத்துடன் நோய் தீர்ந்துவிடுமா?" என்பதே. இலஞ்சி, தென்காசிப் பகுதியினருக்கு இச்சிகிச்சை எட்டாத ஒன்றன்று. செங்கோட்டை வழியே சென்றடையும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் அது நடைபெறுகிறது. ஆயினும், அதன் பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை.

தொடைச் சிரை வழியாக மெல்லிய குழாயை இதயத்திற்குள் செலுத்தி, கோளாறான மின்னோட்டம் பிறக்கும் அல்லது சுற்றிவரும் இடத்தை வெப்பத்தாலோ குளிராலோ செயலிழக்கச் செய்வதே இம்முறை. மார்பைத் திறப்பதில்லை.

பிறவியிலேயே இதயத்தில் கூடுதல் மின்பாதை உள்ளவர்களுக்கு இது பெரும்பாலும் முழுத் தீர்வாகும். 1991இல் அமெரிக்க மருத்துவர் ஜாக்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 166 பேரில் 164 பேருக்கு அப்பாதை அகற்றப்பட்டது.

முதியோரிடம் மிகுதியாகக் காணப்படும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் மேலறை நடுக்கத்தின் நிலை வேறு. நுரையீரல் சிரைகளிலிருந்தே அது பெரும்பாலும் தூண்டப்படுகிறது என்பதை 1998இல் பிரெஞ்சு மருத்துவர் ஹைசாகேர் குழுவினர் காட்டினர். 10 நாடுகளில் 2204 பேரிடம் நடந்து, 2019இல் வெளியான 'கபானா' ஆய்வில், மூன்றாண்டுகளில் நடுக்கம் திரும்பியோர் மருந்து மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர். அப்லேஷன் செய்துகொண்டவர்களில் 50 விழுக்காட்டினர். அன்றாட வாழ்க்கை நலமும் உயர்ந்தது. ஆனால், மரணம், பக்கவாதம் முதலியவற்றை ஒருங்கே கணக்கிட்டபோது இரு பிரிவினரிடையே உறுதியான வேறுபாடு தெரியவில்லை. இதயம் பலவீனமுற்றோரின் நிலை மாறானது. 363 பேரிடம் நடந்து 2018இல் வெளியான 'காசில்' ஆய்வில், மருந்துப் பிரிவில் 25 விழுக்காடாக இருந்த இறப்பு, அப்லேஷன் பிரிவில் 13 விழுக்காடாகக் குறைந்தது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. படபடப்பு நின்றுவிட்டது என எண்ணி, இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சைக்குப் பின் குறைந்தது இரண்டு மாதங்களேனும் அது இன்றியமையாதது. அதன்பின் தொடர்வதா என்பதை வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு கண்ட பக்கவாதம் ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் தீர்மானிப்பார். உடலுக்குத் தோன்றும் சுகம் அதற்கு அளவுகோலாகாது. முதல் மூன்று மாதங்களில் துடிப்பு தடுமாறினால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று மனம் தளரவும் வேண்டாம்.

ஆகவே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேளுங்கள்: இது எவ்வகைத் துடிப்புக் கோளாறு? மீண்டும் செய்ய நேருமா? எந்த மாத்திரை எதுவரை? விடைகளை ஒரு தாளில் எழுதி, இ.சி.ஜி.யுடன் பத்திரப்படுத்துங்கள். நோயாளியைக் காக்கும் பொறுப்பில் மருத்துவருக்கு ஒரு பாதி என்றால், மறுபாதி வீட்டாருடையது.