நள்ளிரவுக் கமலம்

பூ வரும், பழம் வராது. வீட்டுத் தோட்டங்களில் டிராகன் பழம் வளர்ப்போரின் பெரிய புதிர் இதுதான்

இந்தியாவில் ஒரு பழம் அரசியல் செய்தியாவது அபூர்வம். 2021 ஜனவரியில் அது நடந்தது. டிராகன் பழத்தைத் தமது மாநிலம் இனி 'கமலம்' என்றே அழைக்கும் என்று அன்றைய குஜராத் முதல்வர் விஜய் ரூபானி அறிவித்தார். பழம் தாமரை வடிவில் இருக்கிறது, 'டிராகன்' என்ற சொல்லோ சீனாவை நினைவூட்டுகிறது என்பது அவர் சொன்ன காரணம். பா.ஜ.க.வின் சின்னமும் தாமரை என்பதால் கேலிக்குப் பஞ்சமில்லை.

உண்மையில் இது சீனப் பயிரே அல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறும் கள்ளி. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் வியட்நாமுக்குக் கொண்டு சென்றார்கள். இன்று கட்ச்சின் வறண்ட நிலத்தில் அது பணப்பயிர். சாகுபடியை 50,000 ஹெக்டேராக்க மத்திய அரசு 2022இல் இலக்கு வைத்தது. வயலுக்கு வந்தது மொட்டை மாடிக்கும் வந்துவிட்டது. ஏமாற்றமும் கூடவே வந்தது.

முதல் ஏமாற்றம் விதை. பழத்தின் கறுப்பு விதைகள் எளிதில் முளைக்கும். ஆனால் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். காய்த்துப் பழகிய செடியிலிருந்து ஒரு அடி நீளப் போத்தை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை சில நாட்கள் நிழலில் வைத்து நட்டால், ஒன்றிரண்டு ஆண்டுகளில் பூ பார்க்கலாம்.

இரண்டாவது, தண்ணீர். கள்ளி என்றாலும் இதற்கு நீர் வேண்டும், தேங்கினால் அழுகும். மணலும் மட்கிய தொழு உரமும் கலந்த, நீர் வடியும் மண் அவசியம். மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். தொட்டி பெரிதாக இருக்கட்டும். ஐந்தடி உயரத்துக்கு உறுதியான கம்பமும், உச்சியில் பழைய டயரோ வளையமோ தேவை. உச்சியை எட்டும்வரை ஒரே தண்டை மட்டும் விட்டுப் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும். பிறகு கிளைகள் வளையத்தின் மேல் குடைபோலக் கவிழ்ந்து தொங்கும். பூப்பவை அவைதான். வெயில் நல்லது. ஆனால் கோடையின் உச்சத்தில் தண்டு மஞ்சளாகிக் கருகும். அப்போது நிழல் வலை கட்டலாம்.

இத்தனையும் செய்த பிறகு வருவதுதான் மூன்றாவது, மிகக் கசப்பான ஏமாற்றம். மழைக்காலத்தில் மொட்டு வருகிறது. ஒரு அடி நீள வெள்ளைப் பூ இரவில் விரிந்து, காலை வெயில் ஏறியதும் வாடுகிறது. சில நாளில் மஞ்சளாகி உதிர்கிறது. உரம் போதவில்லை என்று வீட்டுக்காரர் மேலும் உரம் வாங்குகிறார்.

குறை உரத்தில் இல்லை. தாயகத்தில் இந்தப் பூவுக்கு மகரந்தம் சுமப்பவை விட்டில்களும் வௌவால்களும். நகரத்தின் நாலாவது மாடிக்கு அவை வருவது நிச்சயமில்லை. தவிர, சிவப்புச் சதை ரகங்களில் பல, தம் சொந்த மகரந்தத்தால் கருவுறுவதில்லை. ஒரே தாயிடமிருந்து வெட்டிய பத்துப் போத்துகளும் மரபில் ஒரே செடிதான். பத்து வைத்தும் பலனில்லை. வேறொரு ரகம் பக்கத்தில் வேண்டும். செடி விற்பவர்கள் இதைச் சொல்வது குறைவு. வெள்ளைச் சதை ரகங்கள் பெரும்பாலும் தனியாகவே காய்க்கும். ஒரு செடிக்கு மட்டும் இடமுள்ளவர்களுக்கு அதுவே பாதுகாப்பு.

பரிகாரம் எளிது. பூ நன்றாக விரிந்த இரவில், மென்மையான தூரிகையால் ஒரு ரகத்தின் மகரந்தப் பொடியை எடுத்து மற்றதன் சூல்முடியில் தடவ வேண்டும். இரண்டும் ஒரே இரவில் பூக்காவிட்டால், பொடியைச் சிறு டப்பாவில் உலர்வாக, குளிர்பதனப் பெட்டியில் ஓரிரு நாள் வைத்திருக்கலாம். பலித்தால் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழம். தோல் முழுதும் நிறம் மாறிய பின்பே பறிக்க வேண்டும். பறித்த பிறகு இனிப்பு ஏறாது.

பல இந்திய வீடுகளில் 'பிரம்ம கமலம்' என்று பெயர் சூட்டி, பூக்கும் இரவில் அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டும் செடியும் இதே கள்ளிக் குடும்பம்தான். அதற்கு வேடிக்கை பார்த்தால் போதும். டிராகனோ கமலமோ, இதற்குத் தூரிகையோடு மாடியேற வேண்டும்.